ஜோடிக் காளை விலையில் ஒரு வயர்

உட்காருங்க தம்பி, உட்காருங்க. நின்றாலும் உட்கார்ந்தாலும் இந்தக் கடையில் ஒரே விலைதான். அந்த டை கட்டின ஆள் எனக்குச் சாமான் எடுக்க உள்ளே போயிருக்கிறான். அவன் வந்து என்னை முடித்த பிறகுதான் உங்களிடம் வருவான். இங்கே ஒரு நேரத்துக்கு ஒரு கழுத்துதான்.

நீங்க ஸ்பீக்கருக்கா, வயருக்கா? வயருக்கா! அட கருமமே. பார்த்தால் படித்த பிள்ளை மாதிரி இருக்கிறீங்க. கண்ணாடி போட்டிருக்கிறீங்க. அந்தக் கண்ணாடி வழியாக அங்கே பாருங்க, அந்தப் பெட்டிக்குள்ளே. கீழே வெல்வெட்டுத் துணி, மேலே குட்டி விளக்கு, நடுவில் சாமிப் பாம்பு மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கிறதே. என்ன அது? வயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர். ரெண்டே துண்டு. விலை ஒன்றே கால் லட்சம்.

எங்கள் சந்தையில் அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடிக் காங்கயம் காளை பிடிக்கலாம் தம்பி. நாலு பல் போட்டு வண்டியில் பழகின காளை. அது உழும், பாரம் இழுக்கும், ஒன்றுமில்லாவிட்டால் சாணியாவது போடும். இது என்ன போடும்? கேட்கிறேன், இது என்ன போடும்? த்தூ. துப்பக்கூட இடமில்லை இங்கே. தரை பூராவும் கம்பளம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. பொள்ளாச்சிப் பக்கம். மாட்டுத் தரகு. சந்தையில் நாச்சிமுத்து என்று கேட்டால் மாடே திரும்பிப் பார்க்கும். படிப்பு மூன்றாம் கிளாஸ். அதற்கு மேல் எனக்கு வாத்தியார்கள் எல்லாம் என்னை ஏமாற்றினவர்கள்தான். ஒருத்தன் கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி விளக்கெண்ணெய் தடவி இளசு என்று தலையில் கட்டினான். இன்னொருத்தன் தவிட்டுத் தண்ணியை வயிறு முட்டக் காட்டிச் சினை என்று விற்றான். வீட்டுக்கு ஓட்டி வந்து ஒரு ராத்திரி கட்டினேன், காலையில் சினையெல்லாம் மூத்திரமாய்ப் போய்விட்டது. அப்படிப் படித்தவன் நான். அதற்கப்புறம் சொன்ன விலைக்கு எதையும் வாங்கினதில்லை. மூலத்துக்கு ஆப்பரேஷன் பண்ணினார்கள். மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டே டாக்டரிடம் குறைத்தேன். மயக்க ஊசிக்கு முன்னால் அவர் ஒத்துக்கொண்ட விலைதான் கொடுத்தேன்.

அப்பேர்ப்பட்டவன் இன்றைக்குச் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுக்க இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ரூபாய் பேரம் பேசினாலும் என் மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வரமாட்டாள். ஒன்பதாம் மாதம் நடக்கிறது. ஒரே மகள். தலைப்பிரசவம். வயிறு எரியுமா எரியாதா?

சிரிக்காதீங்க. முழுக்கக் கேளுங்க. நீங்களும் வயர் வாங்க வந்தவர்தானே, உங்களுக்கும் உதவும்.

மகள் பேர் தாரணி. போன வருஷம் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை கிருபாகரன், இதே கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் ஒரு ரூம் வைத்திருக்கிறார். ரூமில் ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி தம்பி! கல்யாணமான வீட்டில்! அதில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார். செத்துப் போனவரைக் கொண்டுவந்து சாத்தி வைத்த மாதிரி இருக்கும்.

தலைதீபாவளிக்கு அழைக்கப் போனோம். எங்கள் வீட்டு வழக்கம், நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையிடம் கேட்டுவிடுவது. கேட்டேன்.

"மோதிரமுங்களா, பைக்குங்களா? கூச்சப்படாமச் சொல்லுங்க மாப்ள."

"அதெல்லாம் வேண்டாங்க மாமா. ஸ்பீக்கருக்கு ஒரு கேபிள் மட்டும் வாங்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

"வயரா? அட, ஒரு சுருளே வாங்கித் தர்றேன், வீடு பூராச் சுத்திக்குங்க!"

கூடமே சிரித்தது. என் வீட்டுக்காரி பாவாத்தாளுக்கு முகமெல்லாம் பல். "எத்தனை அடக்கமான மாப்பிள்ளை பாருங்க" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ச்சிதான். சல்லிசாய் முடிந்தது என்று சரி சொல்லிவிட்டேன். என்ன விலை என்று கேட்காமல் சரி சொன்னேன் தம்பி. நாய் கடித்த மாதிரி இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் என்னை இங்கே கூட்டிவந்தார். இதே கடை. அதோ அந்தக் கனத்த கதவுக்குப் பின்னால் இருட்டாய் ஒரு அறை. இதே டைக்காரன். முதலில் சாதா வயரை மாட்டினான். ஒரு அம்மா பாடினாள். பிறகு இந்த மகராசன் வயரை மாட்டினான். அதே அம்மா, அதே பாட்டு.

"வித்தியாசம் தெரியுதுங்களா சார்?"

"தெரியுதுங்க. ரெண்டாந் தடவை கேக்கறப்ப அலுப்பா இருக்குது."

"இல்ல சார், நல்லா கவனிங்க. காத்தோட்டமா இருக்குது பாருங்க."

"ஏசி போட்டிருக்கீங்கல்ல, அதனால இருக்கும்."

மாப்பிள்ளையோ கண்ணை மூடிவிட்டார். "மாமா, மிருதங்கம் எங்க இருக்குன்னு தெரியுதுங்களா? இடப்பக்கம், கொஞ்சம் பின்னாடி" என்கிறார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சுவர் இருந்தது.

இன்னும் கேளுங்க. புது வயரை நாள் கணக்கில் பாட விட்டால்தான் பழகுமாம். மாடு பழகும், ஒத்துக்கொள்கிறேன். நுகத்தில் பூட்டி நாலு சால் ஓட்டினால் பழகும். வயர் எதற்குப் பழக வேண்டும்? யாரை முட்டப் போகிறது? அப்புறம் அது தரையில் படக்கூடாதாம். படாமல் தூக்கி வைக்கக் குட்டிக் குட்டியாய் மரக்கட்டை. கட்டைக்குத் தனி விலை! இதெல்லாம் போகட்டும். வயர்மேல் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறான். பாட்டு அந்தப் பக்கமாகத்தான் போகணுமாம். மாற்றிச் செருகினால் மங்கிவிடுமாம். செம்புக் கம்பிக்கு முன்னேது பின்னேது? எந்த மடையன் இதை நம்பிக் காசு கொடுப்பான்?

மாடு என்றால் வேறு. மாட்டு முதுகில் பூரான் சுழி என்று ஒன்று உண்டு தம்பி, மயிர் ஒரு பக்கமாய்ச் சுழித்து ஓடும். மேலே பார்த்து ஓடினால் ஏறுபூரான், வாங்கினவன் குடும்பம் ஏறும். கீழே பார்த்து ஓடினால் இறங்குபூரான், பட்டியோடு நாசம். அது அனுபவத்தில் கண்டது. ஏறுபூரான் காளைக்கு நானே கூடுதலாக வைத்துத்தான் விற்பேன். வாங்கினவன் ஒருத்தனாவது திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறானா? இறங்குபூரானை ஓசியில் கொடுத்தாலும் என் கட்டுத்தறியில் கட்டமாட்டேன். அது உயிருள்ள ஜீவன், அதில் விஷயம் இருக்கிறது. இது பிளாஸ்டிக்குக்குள்ளே கம்பி. இதில் அம்பு போட்டுக் காசு பிடுங்குகிறான், மானங்கெட்டவன்.

பாதி விலைக்குக் கேட்டேன். "ஃபிக்ஸட் பிரைஸ் சார்" என்றான், சிரித்துக்கொண்டே. சரிதான், எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். மெதுவாக, மெதுவாகக் கதவுவரை நடந்தேன். உலகத்தில் எந்த வியாபாரியும் கதவுவரை போனவனைக் கூப்பிடாமல் விட்டதில்லை தம்பி. இவன் என்ன செய்தான் தெரியுமா? எனக்கு முன்னால் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான்! "தேங்க்யூ சார், மறுபடி வாங்க." மாப்பிள்ளை முன்னால்! செருப்பால் அடித்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

வெளியே வந்து மாப்பிள்ளை சொன்னார், "பரவாயில்லீங்க மாமா, அது வேண்டாம். விட்டுருங்க." விடுகிறதாவது. நாலு பேர் முன்னால் சொன்ன வாக்கு. நாச்சிமுத்து வாக்குத் தவறினான் என்று யாராவது சொல்லிவிடலாமா?

அதனால் நானே செய்தேன்.

அந்தப் பெட்டியிலிருந்ததைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஊரில் மோட்டார்க் கடையில் கிணற்று மோட்டாருக்குப் போடுகிற வயர் வாங்கினேன். நல்ல தடிமன். நேரே காளியப்பனிடம் போனேன். மாட்டுக்குத் தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு பின்னுகிறவன், விரலில் கண் வைத்திருப்பான். படத்தைக் காட்டி நீலமும் கறுப்புமாய் நைலான் நூலில் மேலே பின்னச் சொன்னேன்.

"ஏனுங் தரகரே, இது எந்தக் காளைக்குங்?"

"காளைக்கில்லடா, மாப்பிள்ளையோட ஸ்பீக்கருக்கு."

"ஏனுங், அது முட்டுமுங்களா?"

பின்னி முடித்ததைப் பார்த்தால் அசலே தோற்றது. நுனிக்குப் பித்தளைக் கொண்டை மாட்டினேன். தாரணி எங்கள் வீட்டில் விட்டுப்போன நகப் பாலிஷ் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அம்புக்குறியும் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் செல்வம் ஏறட்டும் என்று நல்ல ஏறுமுகமாகவே போட்டேன். அதில் நான் குறை வைக்கவில்லை. அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டால், துபாயிலிருந்து ஆள் மூலம் வந்தது, வழியில் பிரித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். தட்டில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வைத்து, தீபாவளியன்று கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் மனுஷன்.

தீபாவளி கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாட்டிக் காட்டினார். அந்த ஒற்றை நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். பாட்டு போட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "மாமா, பாடறவங்க மூச்சு இழுக்கறது கேக்குதுங்க."

கிணற்று மோட்டார் வயரில் மூச்சு! எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. துண்டை வாயில் திணித்து இருமுகிற மாதிரி இருமினேன். தாரணி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வாங்கிக் கொடுத்ததென்று பெருமை போல.

அத்தோடு விட்டிருப்பேன் தம்பி. சத்தியமாய் விட்டிருப்பேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஆயுசுக்கும் போதும். ஆனால் சம்பந்தி வாய் சும்மா இருந்தால்தானே?

ஏழாம் மாதம் வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில்தான். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். ரெண்டு பக்கத்துச் சனமும் இருக்கிறது. அன்றைக்கே பெண்ணைக் காரில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். வாசலில் கார் நிற்கிறது. சம்பந்தி பாக்கை மென்றுகொண்டே யாரிடமோ சொல்கிறார்: "எங்க சம்பந்தி கையை உட்டு எதுவும் லேசுல கழறாதுங்க. ஆனா பாருங்க, இந்த வயருல மட்டும் மனசு வெச்சுட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. யாரைப் பார்த்துச் சொல்கிறான்? கழறாத கையாம். மனசு வைத்தேனாம். ஏமாந்தேன் என்கிறானா, கஞ்சன் என்கிறானா? ரெண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது? நேரே ரூமுக்குப் போனேன். ஒரு வயரைப் பிடுங்கி வந்தேன். வெற்றிலைத் தட்டில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து, நடுக்கூடத்தில், காளியப்பன் பின்னின சட்டையைக் கிழித்தேன். உள்ளே மோட்டார் வயர், கம்பெனி முத்திரையோடு பல்லை இளித்துக்கொண்டு வந்தது.

"பாத்துக்குங்க சம்பந்தி! உங்க பையன் தீபாவளியிலிருந்து கேட்ட மூச்சு இதுதான். எங்க தோட்டத்துக் கிணத்து மோட்டார் மூச்சு!"

அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கணும் நீங்க. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து பார்த்தார்கள். சம்பந்திக்கு மென்ற பாக்கு தொண்டையில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து, கிழிந்த நூலையெல்லாம் பொறுக்கி, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகட்டும், பாடம் படிக்கட்டும் என்று இருந்தேன். நான் எத்தனை பாடம் படித்திருக்கிறேன்! எனக்கு யாராவது இப்படிச் செலவில்லாமல் சொல்லிக் கொடுத்தார்களா?

பெண்ணை அழைத்துப் புறப்படலாம் என்று திரும்பினேன். தாரணி ரெண்டு கையும் வளையலோடு நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் வரலீங்கப்பா."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பாவாத்தாள் கெஞ்சுகிறாள். என் அக்காள் திட்டுகிறாள். சம்பந்தியம்மாளே, "போயிட்டு வா சாமி, சடங்கு" என்கிறாள். மாப்பிள்ளையும் வந்து "போ தாரணி" என்றுதான் சொன்னார். ம்ஹும். அசையவில்லை. நல்லநேரம் போய்விட்டது. நாங்கள் மட்டும் காலித் தட்டுகளோடு திரும்பினோம். ஊருக்குள் கார் நுழைந்தபோது பெண்டுகள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். காருக்குள்ளே குனிந்து பார்த்தார்கள். பாவாத்தாள் முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

ஒரு வாரம் கழித்து மகளைப் பார்க்கப் போனேன். காலெல்லாம் வீங்கியிருந்தது. மாப்பிள்ளை பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பேச விட்டு வெளியே போய்விட்டார்.

"ஒரு வயருக்காகவா கண்ணு இத்தனை வீம்பு?" என்றேன்.

"வயருக்கில்லீங்கப்பா. அவருக்கு அது மொத நாளே தெரியும்."

"என்னது?"

"மாட்டுறப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த அம்புக்குறி என்னோட நகப் பாலிஷுப்பா. எனக்குத் தெரியாதா? பார்த்துட்டு நான் அழுதேன். அவருதான், 'உங்கப்பா தலைதீபாவளிக்குக் குடுத்தது, வெளிய தெரிஞ்சா அவரைச் சிரிச்சுருவாங்க, விடு'ன்னாரு. யாருக்கும் சொல்லலை. அவங்கப்பாவுக்குக்கூடச் சொல்லலை."

"அப்ப மூச்சுக் கேக்குதுன்னு சொன்னாரே, அது?"

"நீங்க அந்தச் சேர்ல உக்காந்து முகம் பூராச் சிரிச்சுட்டு இருந்தீங்க. அதுக்காகச் சொன்னாரு."

கேட்டீங்களா தம்பி கதையை? தெரியுமாம்! தெரிந்துதான் சும்மா இருந்தாராம்! தோற்றவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான். நொண்டி மாட்டை வாங்கினவனிடம் கேட்டுப் பாருங்க, "தெரிஞ்சுதான் வாங்கினேன், பாவம் பார்த்து" என்பான். என் கண் முன்னால் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தவர் அவர். சரி, அவள் சொல்வதே நிஜம் என்று வைத்துக்கொள்ளுங்க. மோட்டார் வயரிலேயே அவருக்குப் பாட்டு நன்றாய்த்தானே கேட்டது? மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? அப்போது இந்த ஒன்றே கால் லட்சம் எதற்கு? இதைத்தான் கேட்டேன். அவள் வேறு எதையோ எடுத்தாள்.

"என்னையக் கட்டிக் குடுக்கறக்கு நீங்க பேசுனப்ப நான் உள்ரூம்லதான் இருந்தேன்."

இருந்தால் என்ன? அது என் வாழ்நாளிலேயே நல்ல பேரம் தம்பி. உங்களுக்குச் சொல்லலாம். சம்பந்தி நூறு பவுன் என்று ஆரம்பித்தார். ஒரே போடாகப் போட்டார், பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி, பல்லும் தூக்கல் என்று. வேறு எவனாவது என்றால் எழுந்து சண்டைக்குப் போயிருப்பான். நான் சிரித்தேன். "வாஸ்தவமுங்க, நிறம் கம்மிதான், பல்லும் தூக்கல்தான், நான் மறைக்கலை. உங்க பையனுக்கும் முன்மண்டையில மயிர் இல்லை, முப்பதைத் தாண்டியாச்சு. அதுக்கு இது நேராப் போச்சு, பவுனைக் கழிங்க" என்றேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, குறைக்குக் குறை நேர் செய்து பாதிக்குக் கீழே கொண்டுவந்து முடித்தேன். எங்கள் சொந்தத்தில் இன்னும் அதைப் பேசிக்கொள்கிறார்கள். மிச்சமானதெல்லாம் யாருக்கு? அவளுக்குத்தானே? இருக்கிற தோட்டம் துரவு நாளைக்கு யாருக்கு?

அதைச் சொன்னேன். அவள் வெந்நீரிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், "நீங்க போய் அதே கடையில, அதே வயரு, அவங்க சொல்ற விலையைக் குடுத்து வாங்கிட்டு வாங்க. பேரம் பேசக் கூடாது. குறை சொல்லக் கூடாது. எந்திரிச்சுக் கதவு வரைக்கும் போகக் கூடாது. எனக்காக ஒரே ஒரு தடவை. வாங்கிட்டு வந்தீங்கன்னா அன்னைக்கே வண்டியேறுறேன்."

"உனக்கெதுக்குச் சாமி வயரு?"

"வயரை அவரு வேண்டாங்கறாரு. எனக்குத்தான் வேணும்."

எத்தனையோ முரட்டு மாட்டை அடக்கியிருக்கிறேன், இவளை ஒன்றும் பண்ண முடியவில்லை. ஒரு மாதம் இழுத்துப் பார்த்தேன். இறங்கி வருவாள் என்று பார்த்தேன். இறங்கவில்லை. என் ரத்தம்தானே? வீட்டில் மேற்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்படித்து வைத்திருக்கிறோம். என் பழைய வேட்டிகளையெல்லாம் பாவாத்தாள் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி மடித்து அடுக்கியிருக்கிறாள். பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி அறுக்கும் இல்லையா? தொட்டில் நான் வாங்கினது. தேக்கு. கடைந்த வேலைப்பாடு. கடைக்காரன் அழுதுகொண்டே கொடுத்தான், அப்படி அடித்துப் பேசினேன் விலையை. கொக்கியில் மாட்டி ஆட்டிப் பார்த்தேன். கிறீச் என்றது. எண்ணெய் விட்டேன். இப்போது சத்தமே இல்லை. காலித் தொட்டில் சத்தமில்லாமல் ஆடுவதைப் பார்த்தால் என்னவோ போல இருக்கிறது தம்பி. மேலே துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

அதனால்தான் இன்றைக்கு மடியில் பணத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அந்த டைக்காரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெட்டியைக் கையால் காட்டினேன், அவ்வளவுதான். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார், வருவீங்கன்னு தெரியும்" என்றான். அப்போதும் பேசவில்லை. பல்லைக் கடித்த கடியில் இந்தத் தாடை வலிக்கிறது, தொட்டுப் பாருங்க.

இதோ வருகிறான். பெட்டியைத் தூக்கிவருகிற லட்சணத்தைப் பாருங்க, பிள்ளைத்தாய்ச்சியைக் கைத்தாங்கலாய்க் கூட்டிவருகிற மாதிரி. ஒன்றே கால் லட்சம்! கம்பி! த்தூ!

தம்பி, சற்று நெருங்கி உட்காருங்க. இன்னும். வலது கையைக் கொடுங்க. சும்மா கொடுங்க, கடிக்கமாட்டேன். என் துண்டை மேலே போட்டுக்கொள்கிறேன். சந்தையில் நாங்கள் இப்படித்தான், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வோம். நான் உங்கள் விரல் ஒன்றைப் பிடித்தால் பத்தாயிரம் குறைத்துக் கேளுங்க. ரெண்டைப் பிடித்தால் இருபது. அழுத்தினால் விட்டுக்கொடுக்காதீங்க. கையை விட்டுவிட்டால் முடித்துவிடுங்க. பேரம் பேசமாட்டேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், நீங்க கொடுக்கவில்லையே? கடைசியில் அவன் வாயால் என்ன சொல்கிறானோ அதை நான் அப்படியே எண்ணி வைத்துவிடுகிறேன். வாக்கும் தவறவில்லை. மிச்சத்தில் பேரனுக்கு வெள்ளியில் அரைஞாண் ஆகும்.

என்ன தம்பி, மகள் கேட்டது இது இல்லை என்கிறீங்களா? அப்புறம் வேறு என்ன கேட்டாள்? முழு விலையும் இவனுக்குக் கொடுத்தால் அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? நீங்களாவது சொல்லுங்க. எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

இருங்க, போன் அடிக்கிறது. அவள்தான்.

"சொல்லு கண்ணு... ஆமா, கடையிலதான்... எடுத்துட்டு வந்துட்டாங்க, முன்னாலதான் இருக்குது... இல்ல சாமி, பேசலை. ஒரு வார்த்தை பேசலை. உங்கம்மா மேல சத்தியம்... எந்திரிக்கக்கூட இல்லை, உக்காந்த எடத்துலதான் இருக்கறேன்... பக்கத்துலயா? பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு. அவரும் வயரு வாங்க வந்தவரு... எதுக்கு?... சரி, சரி, கோவிச்சுக்காத. குடுக்கறேன்."

தம்பி, உங்களிடம் பேசணுமாம். உங்களிடம்தான் கேட்பாளாம். இந்தாங்க, இடக்கையில் வாங்கிக்குங்க.

வலக்கையை எடுத்துடாதீங்க.